இயற்பியலாளர் போல்கிங்ஹார்ன் பரிணாமத்தையும் விசுவாசத்தையும் உண்மையிலேயே இணைத்தாரா?

அலைவரிசை எழுதியது:

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பாடகர் குழுவில் நிற்கிறேன். போன மாதம் வாலிபர் கூடுகை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்து, "தேர்வில் ஒன்றை எழுதிவிட்டு ஆராதனையில் இன்னொன்றை அறிக்கையிடுகிறேனே சார், இது இருநாக்கு இல்லையா?" என்று கேட்டாள். "அது வேறு, இது வேறு அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் எனக்கே கசந்துவிட்டது.

அதன் பிறகுதான் ஜான் போல்கிங்ஹார்னை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் அப்துஸ் சலாமின் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்றவர். 1968 முதல் அங்கேயே கணித இயற்பியல் பேராசிரியர். 1974-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். துகள் இயற்பியலில் குவார்க்குகள் என்னும் மிக நுண்ணிய துகள்கள் பேசப்படத் தொடங்கிய பரபரப்பான காலம் முழுவதும் அந்தத் துறைக்குள் இருந்தவர், 1979-இல் பேராசிரியர் பதவியை விட்டு விலகி இறையியல் படிக்கச் சென்றார். 1982-இல் ஆங்கிலிக்கன் குருவானவராக அபிஷேகம் பெற்று, பிரிஸ்டலில் உதவிக் குருவாகவும் கென்ட் மாவட்டத்தில் ஒரு கிராமத் திருச்சபையின் குருவாகவும் ஊழியம் செய்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். இயற்பியல் சலித்துப் போனதால் வெளியேறியவர் அல்லர். கணிதம் சார்ந்த துறையில் வயது ஏற ஏறக் கூர்மை குறையும், தன் பங்கைச் செய்து முடித்தாயிற்று என்பதே அவர் சொன்ன காரணம். 2021-இல் இறந்தார்.

அவர் டார்வினை முழு மனதோடு ஏற்றவர். கிறிஸ்து சரீரத்தில் உயிர்த்தெழுந்தார் என்பதையும் கல்லறை வெறுமையாயிருந்தது என்பதையும் அதே முழு மனதோடு ஏற்றவர். இவர் கட்டியது ஒரே வீடா, அல்லது நடுக்கதவைப் பூட்டிவைத்த இரண்டு அறைகளா என்பதே என் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

கல்மரம் எழுதியது:

நான் விலங்கியல்காரன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். போல்கிங்ஹார்ன் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய புகழ்பெற்ற கெண்டி உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். கெண்டியில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது? எரிவாயு எரிந்து வெப்பம் ஏறுவதால் கொதிக்கிறது. எனக்குத் தேநீர் வேண்டும் என்பதாலும் கொதிக்கிறது. இரண்டு விடையும் சரி, ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்பார் அவர். அழகான உதாரணம்தான். ஆனால் தேநீர் விரும்புகிற ஆள் சமையலறையில் நிற்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். உயிரின வரலாற்றில் அப்படி நிற்பவர் யார்?

எங்கள் துறையின் சான்றுகள் எவ்வளவு இறுக்கமானவை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது, அதற்குரிய கடைசி நொதியின் மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், குரங்குகள் ஆகியவற்றிடமும் அதே மரபணு உடைந்து கிடக்கிறது. கினிப் பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை, ஆனால் அதனிடம் உடைந்த விதம் வேறு. ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய இரண்டு மாணவர்களை அவர்கள் எழுதிய சரியான விடைகளால் கண்டுபிடிக்க முடியாது, பொதுவான பிழைகளால்தான் கண்டுபிடிப்போம். இன்னொன்று: மனிதக் குரங்குகளுக்கு 24 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசைகள் ஒட்டுத் தழும்பாகக் கிடக்கின்றன. முன்னோர்களின் இரண்டு குரோமோசோம்கள் முனைக்கு முனை ஒட்டிப் பிறந்தது அது.

இதையெல்லாம் ஏற்ற பிறகு கடவுள் செய்ய மிச்சம் இருக்கும் வேலைதான் என்ன?

திண்ணைவாசி எழுதியது:

சிறிய குறுக்கீடு. அலைவரிசை போகிற போக்கில் சொன்ன அப்துஸ் சலாம், மாணவர் போல்கிங்ஹார்ன் பதவியை விட்ட அதே 1979-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் தொழுகை தவறாத முஸ்லிம்; அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் கண்டடைந்த கோட்பாடு ஒன்றே. இதனால் கடவுள் உண்டென்றும் ஆகாது, இல்லையென்றும் ஆகாது. சமன்பாட்டை மட்டும் பார்த்து அதை எழுதியவரின் மதத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டுமே ஆகும்.

அலைவரிசை எழுதியது:

கல்மரம் ஐயா, "மிச்சம் இருக்கும் வேலை" என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. அறிவியல் விளக்காத மூலைகளில் கடவுளுக்கு வேலை ஒதுக்கினால், விளக்கம் வளர வளர அவருடைய குடியிருப்பு சுருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் அமெரிக்காவில் சிலர் முன்வைத்த "அறிவார்ந்த வடிவமைப்பு" வாதத்தை, அதாவது உயிரின் சில சிக்கல்களைப் பரிணாமத்தால் விளக்க முடியாது, ஒரு வடிவமைப்பாளர் தேவை என்பதைப் போல்கிங்ஹார்ன் ஏற்கவில்லை. அவர் உயிரியலிலிருந்து கடவுளை நிரூபிக்கப் புறப்பட்டவர் அல்லர். அவர் தொடங்கும் இடங்கள் இரண்டு. கணிதத்தின் அழகுக்கு இந்த உலகம் ஏன் இவ்வளவு இணக்கமாக வளைந்து கொடுக்கிறது என்ற வியப்பு ஒன்று. நாசரேத்து இயேசுவைப் பற்றிய சாட்சியங்கள் மற்றொன்று. கீழிருந்து மேலே சிந்திக்கிறவன் என்று தன்னை அழைத்துக்கொண்டார். சான்றுகளைக் குவித்து, அவற்றுக்குப் பொருந்துகிற கோட்பாட்டைத் தேடுவது இயற்பியலாளனின் பழக்கம். அதே பழக்கத்தோடு சுவிசேஷங்களையும் வாசித்தார். அந்தச் சாட்சியங்கள் போதுமா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் தேநீர் விரும்புகிறவரை அவர் தேடியது மரபணுவில் அல்ல.

பரிணாமம் அவருக்கு அடுத்த படியில்தான் வருகிறது: அப்படி ஒரு கடவுள் இருந்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பதை பிரபஞ்சத்தின் இந்த 1,380 கோடி ஆண்டு வரலாறு என்ன சொல்லித் தருகிறது? விடை அவர் சபையிலேயே பழையது. டார்வினின் நூல் 1859 நவம்பரில் வெளிவருவதற்குச் சில நாள் முன்பே ஒரு பிரதியைப் பெற்ற ஆங்கிலிக்கன் குருவானவர் சார்லஸ் கிங்ஸ்லி, தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆற்றலுள்ள ஆதி வடிவங்களைக் கடவுள் படைத்தார் என்று நம்புவதும் அதே அளவு மேன்மையான கருத்தே என்று டார்வினுக்குக் கடிதம் எழுதினார். டார்வின் அதைப் பெயர் சொல்லாமல் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கடவுள் பொருள்களைச் செய்யவில்லை, அவை தம்மைத் தாமே செய்துகொள்ளச் செய்தார் என்று 1884-இல் சொற்பொழிவாற்றிய பிரெடரிக் டெம்பிள், 1896-இல் கான்டர்பரிப் பேராயரே ஆகிவிட்டார். டார்வினும் திருச்சபையும் முதல் நாளிலிருந்து கத்தியும் கையுமாக நின்றன என்ற கதையை நாம் எங்கிருந்து பிடித்தோம் என்று சில நேரம் வியக்கிறேன்.

மறைமொழி எழுதியது:

சகோதரருக்கு ஸ்தோத்திரம். நான் போதகன். ஆதியாகமம் சொல்லும் படைப்பின் ஆறு நாள்களை எழுத்தின்படி எடுக்க வேண்டும் என்று இங்கே வாதாட வரவில்லை. சூரியன் நாலாம் நாளில்தான் படைக்கப்பட்டது, அதற்கு முந்தின மூன்று "நாள்கள்" எத்தகையவை என்று ஆதித் திருச்சபையின் அறிஞர்களான ஒரிகனும் அகஸ்டினும் டார்வினுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே கேட்டிருக்கிறார்கள். என் தடை வேறு இடத்தில் இருக்கிறது. "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்தது" என்கிறார் பவுல். பரிணாமமோ மரணத்தால் நடக்கிறது. மனிதன் தோன்றுமுன் கோடானுகோடி உயிர்கள் செத்து மடிந்தன என்றால், மரணம் பாவத்தின் சம்பளம் ஆவது எப்படி? சம்பளமே தவறு என்றால் மீட்பு எதற்கு? முதல் ஆதாமை உவமையாக்கிவிட்டு இரண்டாம் ஆதாமாகிய கிறிஸ்துவை மட்டும் வரலாறாக வைத்துக்கொள்ள முடியுமா? உங்கள் பேராசிரியர் இந்த முடிச்சை அவிழ்த்தாரா, கடந்து போனாரா?

வெண்கரி எழுதியது:

போதகர் ஐயா கேட்டதற்கு அலைவரிசை விடை சொல்லட்டும். கத்தோலிக்கர் தரப்பிலிருந்து ஓர் எச்சரிக்கைக் கதை மட்டும் என்னிடம் உண்டு. பெல்ஜியத்துக் குருவானவர் ஜார்ஜ் லெமைத்ர் 1927-இல் விரியும் பிரபஞ்சத்தைக் கணக்கிட்டவர். பெருவெடிப்புக் கோட்பாட்டின் தந்தை. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இந்த ஆரம்பக் கணத்தைப் படைப்புக்குச் சான்றாகக் கொண்டாடி உரையாற்றினார். லெமைத்ருக்கு மகிழ்ச்சி பொங்கியிருக்க வேண்டும் அல்லவா? அவர் கலங்கிப் போனார். தன் கோட்பாடு இயற்பியல். அதை நாத்திகரும் ஏற்கலாம், நாளை அது திருத்தப்படவும் கூடும். அதன் மீது விசுவாசத்தின் பாரத்தை ஏற்றக்கூடாது என்பது அவர் நிலை. திருத்தந்தையின் அறிவியல் ஆலோசகரிடம் பேசினார். அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்கள் கூடிய மாநாட்டில் திருத்தந்தை பேசியபோது அந்த ஒப்புமை திரும்ப வரவில்லை.

அதே திருத்தந்தை 1950-இல், மனித உடல் முன்பே இருந்த உயிருள்ள பொருளிலிருந்து வந்திருக்கலாமா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதினார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். எங்கள் சபை மெதுவாக நடக்கும், நடக்கும்.

திண்ணைவாசி எழுதியது:

இதன் மறுபக்கக் கதையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, ஆழ்ந்த கிறிஸ்தவர். அந்தக் காலத்தின் மிகப் பெரிய இயற்பியலாளர். உருகிய நிலையிலிருந்து பூமி குளிர எவ்வளவு காலம் ஆகும் என்று 1862-இல் கணக்கிட்டு, 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் என்றார். 1897-இல் அதை 2 கோடி முதல் 4 கோடி என்று இறுக்கினார். இயற்கைத் தேர்வுக்கு இந்தக் காலம் போதவே போதாது. டார்வினை உண்மையாகவே தூங்கவிடாமல் செய்தது ஆதியாகமம் அல்ல, இந்தக் கணக்குதான். கடைசியில் தோற்றது எது? பாறைக்குள் வெப்பம் கடத்தல் மூலம் மட்டுமே நகர்கிறது என்ற அனுமானம். பூமியின் உட்புறம் ஓரளவு பாயக்கூடியதாக இருந்தால் வயது பன்மடங்கு கூடும் என்று 1895-இலேயே அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரி சுட்டிக்காட்டினார். கதிரியக்கமும் பின்னால் வந்து சேர்ந்தது. 1956-இல் கிளேர் பேட்டர்சன் ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்து 455 கோடி ஆண்டுகள் என்றார். இயற்பியலாளர்கள் உயிரியலாளர்களுக்கு வகுப்பெடுக்க வரும்போதெல்லாம் எனக்குக் கெல்வின் ஞாபகம் வந்துவிடுகிறது. அலைவரிசை மன்னிக்க.

அலைவரிசை எழுதியது:

மன்னிக்க ஒன்றும் இல்லை. கெல்வினை வகுப்பில் நானே சொல்வதுண்டு.

போதகர் ஐயா, போல்கிங்ஹார்ன் அந்த முடிச்சைக் கடந்து போகவில்லை, ஆனால் அவர் அவிழ்த்த விதம் உங்களுக்குத் திருப்தி தராது. உடலின் மரணம் ஏதேனில் தொடங்கியது என்று அவர் சொல்லவில்லை. நம் முன்னோர்களிடம் தன்னுணர்வு முளைத்தபோது கடவுளை உணரும் திறனும் முளைத்தது, அந்தக் கட்டத்தில் மனிதன் அவரைவிட்டுத் தன் பக்கமாகத் திரும்பினான், அதுவே வீழ்ச்சி என்கிறார். அதுவரை மரணம் ஒரு நிகழ்ச்சி. தான் சாகப்போகிறோம் என்று அறிந்தும் தன்னைத் தாங்குகிறவரைவிட்டு விலகியும் நிற்கிற உயிருக்குத்தான் அது கசப்பாகிறது. பவுல் சொன்ன மரணம் அந்தக் கசப்பு. ஆதாம் என்ற ஒரே ஆளை அவர் வரலாற்றில் வைக்கவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

கல்மரம் எழுதியது:

இதுவரை எல்லாம் நாகரிகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் முக்கியமான இடத்தை நாம் இன்னும் தொடவில்லை. 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளரும் விசுவாசியுமான ஏசா கிரேக்கு டார்வின் எழுதிய கடிதத்தில் ஒரு குளவி வருகிறது. அது கம்பளிப்புழுவின் உடலில் முட்டையிடும்; குஞ்சுகள் அந்தப் புழுவை உயிரோடு உள்ளிருந்து தின்று வளரும். நன்மையும் சர்வ வல்லமையும் உள்ள ஒரு கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னை நம்பவைக்க முடியவில்லை என்றார் டார்வின். ஆறு நாளா, 1,380 கோடி ஆண்டா என்பதெல்லாம் எண்ணிக்கைத் தகராறு. உரையைத் தாராளமாக விரித்துத் தீர்த்துவிடலாம். குளவியை எந்த உரையாலும் தீர்க்க முடியாது. பரிணாமத்தைக் கடவுளின் கருவி என்று சொல்லும் ஒவ்வொருவரும், பசி, ஒட்டுண்ணி, அழிவு ஆகியவற்றுக்கும் அவரையே பொறுப்பாக்குகிறார்கள். பழைய படைப்புவாதியாவது பழியை ஆதாம்மேல் போட்டுவிடுவார்.

அலைவரிசை எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். போல்கிங்ஹார்ன் மீது எனக்கு மதிப்பு வந்ததும் இங்கேதான்.

மனிதனின் தீமைக்கு இறையியலார் பழங்காலம்தொட்டுச் சொல்லும் விடை சுயாதீனம்: சுயமாகத் தேர்ந்தெடுக்கும் உயிரைப் படைத்தால் அது தவறையும் தேர்ந்தெடுக்கும். போல்கிங்ஹார்ன் அதைப் படைப்பு முழுமைக்கும் விரித்தார். பாறைக்கும் பாக்டீரியாவுக்கும் அவையவற்றின் இயல்புப்படி இயங்கும் சுதந்திரத்தைக் கடவுள் கொடுத்திருக்கிறார். தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் உலகம் கைப்பொம்மை உலகத்தைவிட மேலான நன்மை. ஆனால் அதன் விலை கடுமையானது. புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரணுவில் மரபணுக்கள் திடீர்மாற்றம் அடையாவிட்டால் புதிய உயிர்வடிவங்களே வந்திருக்காது, நாமும் வந்திருக்க மாட்டோம். அதே உயிர்வேதியியல் சில உயிரணுக்களைக் கட்டுமீறிப் பெருகவும் விடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கித் தரும்படி கேட்க முடியாது. ஆகவே புற்றுநோய் கடவுளின் தண்டனையும் அல்ல, அவருடைய அசட்டையும் அல்ல என்பது அவர் வாதம்.

இதில் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று பிலிப்பியர் நிருபத்தில் வருகிறதே, அந்த வெறுமையாக்குதல் படைப்பிலேயே தொடங்கிவிட்டது, கடவுள் தம் வல்லமையைத் தாமே ஒடுக்கிக்கொண்டு உலகுக்கு இடம் விட்டார் என்று எழுதினார். அப்படிப்பட்டவர் வேதனையை வெளியே நின்று பார்க்கிறவர் அல்லர், சிலுவையில் உள்ளே இருக்கிறவர். குளவிக்கு அவரிடம் உள்ள விடை இவ்வளவுதான். பரிணாமத்தை ஏற்றதற்கு உயிரியலில் அவர் ஒன்றும் இழக்கவில்லை. கடவுளைப் பற்றிய கருத்தில்தான் விலை கொடுத்தார்.

சிறுமழை எழுதியது:

நீண்ட நாளாக வாசிக்க மட்டுமே செய்பவள். புற்றுநோய்ப் பிரிவில் செவிலியாகப் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். உதாரணம் எங்கள் வார்டிலிருந்து வந்ததால் எழுதுகிறேன். திடீர்மாற்றம் பற்றிய விளக்கம் உண்மை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் தாய் "என் பிள்ளைக்கு ஏன்?" என்று கேட்கும்போது அவள் உயிர்வேதியியலைக் கேட்கவில்லை. அங்கே நான் ஒருநாளும் விளக்கம் சொன்னதில்லை. இருந்தாலும் அந்த வாதத்தால் ஒரு பயன் உண்டு என்பதை நேரில் கண்டிருக்கிறேன். "எந்தப் பாவத்துக்கு இது?" என்று உறவினர்களே தாயைக் குடைவார்கள். அந்த வாயை அடைக்க இது உதவும். ஆறுதலாகக் கொடுக்கக்கூடாது; பழியை இறக்கிவைக்கக் கொடுக்கலாம்.

மறைமொழி எழுதியது:

சகோதரி சொன்னதை வாசித்த பிறகு சற்று நேரம் எழுத இயலவில்லை. நான் அடக்க ஆராதனைகளில் "கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லிப் பழகியவன்.

ஓர் ஒத்துக்கொள்ளல். நேற்று ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். "பூமியானது பிறப்பிக்கக்கடவது" என்றுதான் வசனம் இருக்கிறது. கட்டளை மிருகங்களுக்கு அல்ல, பூமிக்கு. ரோமர் எட்டில் "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்பதும் பிறப்பின் மொழிதான்; நாற்பது வருடமாக அதை மரணத்தின் மொழியாகவே பிரசங்கித்திருக்கிறேன். ஆதாமைப் பற்றிய என் தடை அப்படியே நிற்கிறது. இரண்டாம் ஆதாமைச் சரீரத்தோடு எழுப்பிய தேவனுக்கு முதலாமவனை வரலாற்றில் வைப்பது மட்டும் ஏன் கூடாது என்பதை உங்கள் பேராசிரியர் எனக்குப் புரியவைக்கவில்லை.

கல்மரம் எழுதியது:

செவிலியம்மா சொன்ன வேறுபாட்டை நான் யோசித்ததில்லை, நன்றி. ஒரு குறையைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். இடைவெளிகளில் கடவுளை ஒளித்துவைக்கக்கூடாது என்ற அதே போல்கிங்ஹார்ன், ஜெபத்துக்குக் கடவுள் எப்படிச் செவிகொடுக்கிறார் என்று விளக்க வரும்போது ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்குப் போய்விட்டார். சிறு மாறுதலும் பெரிய விளைவைத் தரும் அமைப்புகளில் எதிர்காலம் திறந்து கிடக்கிறது, அங்கே ஆற்றல் செலவில்லாமல் தகவலாகக் கடவுள் செயல்படக்கூடும் என்றார். ஆனால் அந்தச் சமன்பாடுகள் முழுக்கத் தீர்மானமானவை. நம்மால் முன்கணிக்க முடியவில்லை என்பதால் இயற்கையே திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது. முன்வாசலில் துரத்திய இடைவெளி கொல்லைப்புறமாக வந்துவிட்டது. அவரைப் போலவே அறிவியலிலிருந்து குருத்துவத்துக்கு வந்த உயிர்வேதியியலாளர் ஆர்தர் பீக்காக், இந்தப் புள்ளியில் அவரோடு உடன்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலைவரிசை எழுதியது:

உடன்படுகிறேன். அந்தப் பகுதியை நான் வாசித்தபோதும், ஓர் இயற்பியலாளராக அவரே பிறருடைய தாளில் இப்படி ஒரு தாவலைக் கண்டால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார் என்றுதான் தோன்றியது. ஜெபிக்கிற கிறிஸ்தவராக இருந்ததால் அந்த இடத்தை வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. நானும் ஜெபிக்கிறவன், குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்தப் பெண்ணை நேற்று ஆராதனை முடிந்து பார்த்தேன். "அது வேறு, இது வேறு" என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இரண்டும் ஒரே உலகத்தைப் பற்றியவை, ஆகவே உரசத்தான் செய்யும், உரசும் இடத்தைக் காட்டுகிறவர்களைப் படி என்று சொல்லி, வைட்டமின் சி, குளவி, புற்றுநோய் மூன்றையும் நீங்கள் எல்லோரும் சொன்னபடியே சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "2010-இல் நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டார்களே சார், அவர்களுடைய பங்கு நம் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறதாமே. 'ஆதாமுக்குள் எல்லாரும்' என்ற வசனத்தில் அவர்கள் உண்டா?" என்று கேட்டாள்.

போதகர் ஐயா, இது உங்களுக்கு வந்த கேள்வி.

மறைமொழி எழுதியது:

அந்தப் பிள்ளையை வருகிற ஞாயிறு என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். கல்மரம் ஐயாவுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அவரும் வரட்டும். எலும்புகளைப் பற்றி அவரிடம் எனக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.